பால் லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு: நிறத்தை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது

பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஒரு பால் குளிரூட்டும் நிலையத்திலோ சின்ன டெய்ரியிலோ லேப் வேலைக்குச் சேருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேர்ந்த அன்றே ஒரு ரேக் நிறைய டெஸ்ட் டியூபும், பத்துப் பதினைந்து பாட்டிலில் ரீஏஜென்ட்டும், சுவரில் ஒட்டிய ஒரு சார்ட்டும் கைக்கு வந்துவிடும். மஞ்சள் வந்தால் யூரியா, ரோஸ் வந்தால் சோடா, நீலம் வந்தால் பெராக்சைடு என்று சார்ட் சொல்லும். அதை மட்டும் நம்பி வேலை பார்த்தால், நல்ல பாலைத் திருப்பி அனுப்பிய பாவம், கெட்ட பாலை உள்ளே விட்ட பாவம் இரண்டும் சீக்கிரமே வந்து சேரும்.

எனக்கு வந்தது. சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு கேன் பாலில் சோடா பார்க்கும் ரோசாலிக் ஆசிட் போட்டதும் பளிச்சென்று ரோஸ். யோசிக்கவே இல்லை, பாலைத் தள்ளிவிட்டேன். மறுநாள் காலை அந்தப் பாலை ஊற்றிய அக்கா நேரில் வந்து நின்றார். “ஏந்தம்பி, நான் எதுக்குப்பா பால்ல சோடா போடப் போறேன்? கறந்து பத்து நிமிஷத்துல சென்டருக்கு வந்துடுது, அதுக்குள்ள புளிக்கவா போகுது?” என்றார். சரியான கேள்வி. புளிக்கப் போகிற பாலைக் காப்பாற்றத்தான் சோடா போடுவார்கள், புதுப் பாலுக்கு அது எதற்கு? கேனை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தால் கழுத்து மடிப்பில் வெள்ளைப் பொருக்கு. முந்தின நாள் எங்கள் ஆட்கள்தான் கேன்களை வாஷிங் சோடா போட்டுக் கழுவி, சரியாக அலசாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் சோடா எங்களிடமே வந்திருக்கிறது, பழி அவர் மேல். டெஸ்ட் பொய் சொல்லவில்லை, பாலில் சோடா இருந்தது உண்மைதான். யார் போட்டார்கள் என்பதையும் சேர்த்து நானாகப் படித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எந்த நிற டெஸ்ட்டுக்கும் மூன்று டியூப் வைக்கிறேன். ஒன்றில் சோதிக்க வேண்டிய பால். இன்னொன்றில் நம் கண் முன்னாலேயே கறந்து வாங்கிய நல்ல பால். மூன்றாவதில் அதே நல்ல பாலில் நாமே கலப்படப் பொருளைத் தெரிந்த அளவு போட்டது. இந்த மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வெள்ளைத் தாளுக்கு முன்னால் நின்றால்தான் நிறத்தைப் பற்றிப் பேசவே நமக்கு உரிமை. நல்ல பாலிலும் நிறம் வந்தால் ரீஏஜென்ட் கெட்டுவிட்டது அல்லது டியூப் அழுக்கு. நாமே கலந்த பாலில் நிறம் வராவிட்டாலும் ரீஏஜென்ட் செத்துவிட்டது, இதுதான் இன்னும் ஆபத்து, ஏனென்றால் எல்லாப் பாலும் சுத்தம் என்று நிம்மதியாக எழுதிக்கொண்டே போவோம்.

மாதிரி எடுப்பது

இதில் கோட்டை விட்டால் அப்புறம் எவ்வளவு விலையுள்ள கருவி இருந்தும் பயனில்லை. நின்ற பாலில் கொழுப்பு மேலே ஏறிவிடும். மேலாக மொண்டு எடுத்தால் கொழுப்பு கூடத் தெரியும். அது பணம் கொடுப்பதில் வரும் தப்பு மட்டுமல்ல, டி.டி.டி. மாதிரியான பூச்சிக்கொல்லி மிச்சங்கள் கொழுப்போடு போகிறவை என்பதால் அவையும் கூடித் தெரியும். கேன் என்றால் பிளஞ்சரை (கலக்கும் கம்பியை) அடிவரைக்கும் விட்டுப் பத்து முறையாவது ஏற்றி இறக்கி, பிறகு எடுங்கள். டேங்கர் என்றால் கலக்கியை ஓடவிட்டு எடுங்கள். குளிர்ந்த பாலில் கொழுப்பு சுவரில் ஒட்டியிருந்தால் 40 டிகிரிக்குக் கொஞ்சம் சூடாக்கி, மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலந்து, மறுபடி ஆறவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். குலுக்கி நுரை எழுப்பாதீர்கள், பிப்பெட்டில் நுரை ஏறினால் அளவு போயிற்று.

மாதிரி பாட்டிலில் ஏதாவது பதப்படுத்தி சேர்த்திருக்கிறார்களா என்று லேபிளைப் பாருங்கள். கெடாமல் இருக்க ஃபார்மலின் சேர்த்து அனுப்பும் வழக்கம் உண்டு. அப்படி வந்த பாட்டிலில் ஃபார்மலின் டெஸ்ட் செய்துவிட்டு ‘பாசிட்டிவ்’ என்று குதித்தவரை எனக்குத் தெரியும். புரோனோபால் என்ற பதப்படுத்தி சேர்த்த பாலில் ஆன்டிபயாட்டிக் டெஸ்ட்டும் அதே கதைதான், கிருமியைக் கொல்லத்தானே அதைப் போடுகிறோம்.

யூரியா

பாலில் தண்ணீரைச் சேர்த்துவிட்டு, குறைந்துபோன கொழுப்பில்லாத திடப்பொருள் அளவைச் சரிக்கட்ட யூரியா போடுகிறார்கள். லாக்டோமீட்டர் ஏமாந்துவிடும். சோதனை எளிது: பாராடைமெத்திலமினோ பென்சால்டிஹைடு என்று நீளமாகப் பெயர், லேபில் எல்லாரும் டி.எம்.ஏ.பி. என்பார்கள். 1.6 கிராமை 100 மி.லி. எத்தில் ஆல்கஹாலில் கரைத்து 10 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் ரீஏஜென்ட் தயார். பால் 1 மி.லி., ரீஏஜென்ட் 1 மி.லி., கலக்குங்கள். தெளிவான மஞ்சள் வந்தால் யூரியா கலந்திருக்கிறது.

சார்ட் சொல்லாதது என்னவென்றால், எல்லாப் பாலிலும் யூரியா இருக்கிறது. மாட்டின் ரத்தத்தில் இருப்பது மடி வழியே வரத்தான் செய்யும், அதனால் நல்ல பாலும் லேசாக மஞ்சளிக்கும். நம் நாட்டு வரம்பே 100 மி.லி.க்கு 70 மி.கி., அதாவது 700 பி.பி.எம். புரதம் அதிகமான தீவனமும் இளம் பசுந்தீவனமும் தின்ற மாட்டுப் பால் இன்னும் கொஞ்சம் மஞ்சள் காட்டும். இங்கேதான் அந்த இரண்டாவது டியூப், கூடவே 700 பி.பி.எம். வரும்படி நாமே யூரியா சேர்த்த மூன்றாவது டியூப். இரண்டுக்கும் நடுவில் நின்று தடுமாறினால் கண்ணை நம்பாதீர்கள். சம அளவு 24 சதவீத டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தைச் சேர்த்துப் புரதத்தைத் திரித்து வடிகட்டி, தெளிந்த நீரில் அதே ரீஏஜென்ட்டைச் சேர்த்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் 420 நானோமீட்டர் பக்கத்தில் படியுங்கள். தெரிந்த அளவு யூரியா சேர்த்த நாலைந்து ஸ்டாண்டர்டும் கூடவே ஓடினால் எண்ணாகவே பதில் கிடைக்கும். எண்ணோடு போனால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், வந்தாலும் பேச முடியும்.

வீட்டில் பார்க்க வேண்டுமென்றால் 5 மி.லி. பாலில் அரை ஸ்பூன் சோயா மாவோ துவரம் பருப்பு மாவோ போட்டுக் குலுக்கி, 5 நிமிடம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் தாளை அரை நிமிடம் நனையுங்கள். அந்த மாவில் இருக்கும் யூரியேஸ் யூரியாவை அமோனியாவாக்கும், தாள் நீலமாகும். கொஞ்சமாகக் கலந்தால் இதில் சிக்காது, அள்ளிப் போட்டால் சிக்கும்.

சோடா, பெராக்சைடு, ஃபார்மலின்

சோடா டெஸ்ட்டின் கதையைச் சொல்லிவிட்டேன். அளவு: பால் 5 மி.லி., ஆல்கஹால் 5 மி.லி., ஒரு சதவீத ரோசாலிக் ஆசிட் நாலைந்து சொட்டு. நல்ல பால் பழுப்பு கலந்த ஆரஞ்சாக நிற்கும், சோடா இருந்தால் ரோஜாச் சிவப்பு. இது வெறும் கார அமில நிலை காட்டும் சாயம்தான், சோடாவைத் தேடிப் பிடிக்கும் வித்தை எதுவும் இதற்குத் தெரியாது. மடிநோய் வந்த மாட்டுப் பாலும் காரப் பக்கம் சாயும், லேசாக ரோஸ் அடிக்கும். ஆல்கஹால் பாட்டில் பழசாகி அமிலம் ஏறியிருந்தால் உண்மையான சோடாவே மறைந்துபோகும். கேன் கழுவிய தண்ணீரையும் ஒரு டியூபில் எடுத்து அதே டெஸ்ட்டைச் செய்துவிட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிடிப்பது நேரத்தோடு ஓட்டப்பந்தயம். 5 மி.லி. பாலில் இரண்டு சதவீத பாராபினைலீன் டையமீன் ஐந்து சொட்டு, கருநீலம் வந்தால் இருக்கிறது. பச்சைப் பாலில் இயற்கையாக உள்ள பெராக்சிடேஸ் என்சைம்தான் இந்த நிறத்தை உண்டாக்கிக் கொடுக்கிறது. அதனால் நன்றாகக் கொதிக்க வைத்த பாலில் என்சைம் செத்துவிட, பெராக்சைடு இருந்தும் நிறம் வராமல் போகலாம். அங்கே பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் கலந்த கரைசலைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, பாலில் உள்ள என்சைம்கள் பெராக்சைடைத் தண்ணீரும் ஆக்சிஜனுமாக உடைத்துக்கொண்டே இருக்கும். காலையில் எடுத்த மாதிரியை மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தால் குற்றவாளி ஆவியாகிவிடுவார். பாராபினைலீன் டையமீன் தலைச்சாயத்தில் இருக்கும் அதே சரக்கு. டை அடித்துத் தலை வீங்கியவர்கள் கையுறை இல்லாமல் அந்தப் பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

ஃபார்மலினுக்கு ஹெனர் டெஸ்ட். 2 மி.லி. பாலை எடுத்து, ஃபெரிக் குளோரைடு ஒரு துளி கலந்த 90 சதவீத கந்தக அமிலம் 2 மி.லி.யை டியூபைச் சாய்த்துச் சுவர் வழியாக வழியவிடுங்கள். குலுக்கக் கூடாது. இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில் ஊதா வளையம் வந்தால் ஃபார்மலின். பாலில் உள்ள கேசினின் டிரிப்டோபேனோடு ஃபார்மால்டிஹைடு சேர்ந்து வரும் நிறம் அது. பழகாதவர்கள் ஏமாறுவது பழுப்பு வளையத்தில், அது பால் சர்க்கரையும் புரதமும் அமிலத்தில் கருகியது, ஃபார்மலின் இல்லை. அமிலத்தை அவசரமாக ஊற்றினால் கருகல்தான் வரும், ஊதா அதற்குள் காணாமல் போகும். 90 சதவீதமாக்கும்போது அமிலத்தைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது. இதைக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், ஆனாலும் அவசரத்தில் மறந்து முகத்தில் தெறிக்க வாங்கிய ஆட்கள் எல்லா லேபிலும் ஒருவர் இருக்கிறார்.

டிடர்ஜென்ட்

எனக்குப் பிடித்த டெஸ்ட் இதுதான், என்ன நடக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். 1.5 மி.லி. பால், 1 மி.லி. மெத்திலீன் நீலக் கரைசல் (100 மி.லி. தண்ணீரில் 12.5 மி.கி.), 2 மி.லி. குளோரோஃபாம். கால் நிமிடம் நன்றாகக் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் 1,100 சுற்று வேகத்தில் மூன்று நிமிடம். குளோரோஃபாம் கனம், அடியில் இறங்கும். மெத்திலீன் நீலத்துக்குத் தனியாகக் குளோரோஃபாமில் இறங்கப் பிடிக்காது, மேலே தண்ணீரிலேயே இருந்துகொள்ளும். டிடர்ஜென்ட்டின் எதிர்மின் பகுதியோடு ஜோடி சேர்ந்துவிட்டால் மட்டும் இரண்டும் சேர்ந்து கீழே இறங்கும். எனவே கீழ் அடுக்கு அடர் நீலம் என்றால் டிடர்ஜென்ட், மேல் அடுக்கில்தான் நீலம் என்றால் இல்லை. எதிர்மின் இல்லாத வகை டிடர்ஜென்ட் இதில் சிக்காது என்பதையும் மனதில் வையுங்கள். கேன் கழுவிய மிச்சம் இங்கும் சிக்கும், சோடா கதையை மறக்காதீர்கள். குளோரோஃபாம் பாட்டிலைப் புகைக்கூண்டுக்கு வெளியே திறக்காதீர்கள், சிங்க்கிலும் ஊற்றாதீர்கள்.

சர்க்கரைக்கு ரிசார்சினாலும் அமிலமும் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் சிவப்பு, மாவுக்குக் கொதிக்க வைத்து ஆறிய பாலில் அயோடின் போட்டால் நீலம். இவை இரண்டும் பெரிய குழப்பம் தராதவை. உப்புக்கு சில்வர் நைட்ரேட்டும் பொட்டாசியம் குரோமேட்டும்: செங்கல் நிறம் வந்தால் நல்லது, மஞ்சள் வந்தால் உப்பு. ஆனால் மடிநோய்ப் பாலில் குளோரைடு இயற்கையாகவே கூடும், அதுவும் மஞ்சள் காட்டும். உப்பு டெஸ்ட்டில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறவர் கலப்படக்காரரா, கால்நடை மருத்துவர் தேவைப்படுகிறவரா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சரி, உண்மையில் எது மாட்டுகிறது?

இதுவரை சொன்னதெல்லாம் நாம் தினமும் செய்வது. ஆனால் 2018-ல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நாடு முழுக்க நடத்திய பால் ஆய்வைப் பார்த்தால் கொஞ்சம் தூக்கம் போகும். மொத்தம் 6,432 மாதிரி. அதில் உடம்புக்குக் கேடான கலப்படம் இருந்தவை 12 மட்டும்: பெராக்சைடு 6, டிடர்ஜென்ட் 3, யூரியா 2, நியூட்ரலைசர் (சோடா மாதிரியான காரம்) 1. அஃப்ளாடாக்சின் எம்1 (பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து பாலுக்கு வரும் நஞ்சு) வரம்பைத் தாண்டியது 5.7 சதவீதம். ஆன்டிபயாட்டிக் தாண்டியது 1.2 சதவீதம். அஃப்ளாடாக்சினில் முன்னால் நின்ற மாநிலம் நம் தமிழ்நாடுதான், எடுத்த 551 மாதிரியில் 88. வாட்ஸப்பில் சோப்பு நுரை வீடியோ பார்த்துப் பயப்படுகிறோம். நிறமும் வாசனையும் இல்லாமல் புண்ணாக்கு மூட்டையிலிருந்து வருவதைக் கேட்பாரில்லை. அதனால் இனி சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆன்டிபயாட்டிக்

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்து லேபிளில் சொன்ன நாள் வரைக்கும் விற்கக்கூடாது. விற்கிறார்கள், மூன்று நாள் வருமானம் போனால் யார் கொடுப்பது என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. ஊரில் இதைக் கண்டுபிடிக்கும் பழைய வழி உறை ஊற்றிப் பார்ப்பது, தயிர் தோயவில்லை என்றால் பாலில் ஏதோ மருந்து. அதே தத்துவத்தில்தான் டெல்வோடெஸ்ட் மாதிரியான குழாய் டெஸ்ட்டும் வேலை செய்கிறது: ஜெல்லில் வெப்பம் தாங்கும் ஜியோபேசில்லஸ் பாக்டீரியா வித்துக்கள், பாலைச் சேர்த்து 64 டிகிரியில் மூன்று மணி நேரம் போல வைத்தால், பாக்டீரியா வளர்ந்து அமிலம் உண்டாக்கி ஊதா மஞ்சளாகும். மஞ்சளானால் பால் நல்லது, ஊதாவாகவே நின்றால் பாக்டீரியாவை ஏதோ கொன்றிருக்கிறது. சீம்பாலிலும் மடிநோய்ப் பாலிலும் இயற்கையாகவே பாக்டீரியாவைத் தடுக்கும் புரதங்கள் உண்டு, அதுவும் ஊதா காட்டலாம். பாலை 80 டிகிரியில் சில நிமிடம் சூடாக்கிவிட்டு மறுபடி செய்தால் அந்தப் புரதங்கள் அடங்கிவிடும், மருந்து பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

டேங்கர் வாசலில் நிற்கும்போது மூன்று மணி நேரம் காத்திருக்க முடியாது, அதற்குத்தான் பாலில் நனைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப். பீட்டா லேக்டம் (பெனிசிலின் வகை), டெட்ராசைக்கிளின் இரண்டுக்கும் தனித்தனிக் கோடு, கூட ஒரு கட்டுப்பாட்டுக் கோடு. இதைப் படிப்பதில்தான் புதியவர்கள் எல்லாரும் தலைகீழாகப் படிக்கிறார்கள். கர்ப்ப டெஸ்ட் மாதிரி கோடு வந்தால் பாசிட்டிவ் என்று நினைக்காதீர்கள். இங்கே சோதனைக் கோடு கட்டுப்பாட்டுக் கோட்டைவிட அடர்த்தியாக வந்தால் பால் சுத்தம், மங்கினாலோ காணாமல் போனாலோதான் மருந்து இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோடே வரவில்லை என்றால் ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போடுங்கள். பெனிசிலினுக்குக் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான். ஒரு மாட்டுப் பால் முழு டேங்கரையும் கெடுக்க முடியும் என்பது மிகைப்படுத்தல் இல்லை.

அஃப்ளாடாக்சின் எம்1

1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணம் தேடியபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. மாடு அதே நஞ்சை, அதாவது அஃப்ளாடாக்சின் பி1-ஐ, தின்றால் ஈரல் அதை எம்1 ஆக மாற்றிப் பாலில் அனுப்புகிறது. தின்று ஒரு நாளுக்குள் பாலில் தெரிய ஆரம்பிக்கும். காய்ச்சினாலும் போகாது, பாஸ்டரைஸ் செய்தாலும் போகாது. கேசினோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் பனீரிலும் சீஸிலும் அடர்த்தி கூடவே செய்யும், பால் பரவாயில்லை என்று வந்த அளவு பனீரில் பரவாயில்லை என்று இருக்காது.

நம் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் அதில் பத்தில் ஒரு பங்கு. 0.5 என்றால் எவ்வளவு என்று மனதில் நிற்க ஒரு கணக்கு: பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரி 200 நிறுத்தி, மொத்தத்துக்கும் ஒரே ஒரு கிராம் கலந்தால் அதுதான் வரம்பு. இதுவரை சொன்ன எந்த நிற டெஸ்ட்டும் இந்த அளவைக் காட்டாது.

முதல் படி எலைசா, அதாவது சின்னச் சின்னக் குழிகள் (கிணறுகள்) உள்ள தட்டில் ஆன்டிபாடியை வைத்து நஞ்சை அளக்கும் சோதனை. பாலை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி மேலே படியும் கொழுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் உள்ள பாலை மட்டும் எடுங்கள். கிட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஆரம்பிக்காதீர்கள், எல்லாப் பாட்டிலும் தட்டும் அறை வெப்பத்துக்கு வர ஒரு மணி நேரம் கொடுங்கள். என் ஆரம்பகால எலைசா கோளாறுகளில் பாதிக்கு இதுதான் காரணம், ஓரக் கிணறுகள் ஒரு மாதிரியும் நடுக் கிணறுகள் ஒரு மாதிரியும் காட்டும். ஸ்டாண்டர்ட்களையும் மாதிரிகளையும் இரண்டிரண்டாகப் போடுங்கள். கழுவும்போது ஒவ்வொரு முறையும் தட்டைக் கவிழ்த்துத் துணித்தாளில் நன்றாகத் தட்டுங்கள், மிச்சத் தண்ணீர் ஒரு கிணற்றில் நின்றால் அந்தக் கிணறு பொய் சொல்லும். இங்கும் நிறம் தலைகீழ். நாம் சேர்க்கும் என்சைம் ஒட்டிய நஞ்சும் பாலில் உள்ள நஞ்சும் ஒரே ஆன்டிபாடிக்குப் போட்டி போடுகின்றன, பாலில் நஞ்சு அதிகம் என்றால் என்சைமுக்கு இடம் கிடைக்காது, நிறம் குறையும். நல்ல பால்தான் அடர் மஞ்சள். 450 நானோமீட்டரில் படித்து, வளைகோட்டிலிருந்து அளவை எடுக்க வேண்டும். கிட் நானோகிராமில் சொல்லும், சட்டம் மைக்ரோகிராமில் சொல்லும், 500 நானோகிராம்தான் 0.5 மைக்ரோகிராம். புள்ளி இடம் மாறி அறிக்கை அனுப்பிய சம்பவங்கள் உண்டு.

எலைசாவில் வரம்பைத் தாண்டியதும், வரம்புக்குப் பக்கத்தில் வந்ததும் எச்.பி.எல்.சி.க்குப் (கலவையைப் பிரித்து ஒவ்வொன்றாக அளக்கும் கருவிக்குப்) போக வேண்டும். பாலை 37 டிகிரிக்குச் சூடாக்கி, சென்ட்ரிஃபியூஜ் செய்து, கொழுப்பு நீக்கி, வடிகட்டி, 50 மி.லி.யை ஆன்டிபாடி ஒட்டிய சின்னக் குழாய் வழியாக விடுகிறோம். இம்யூனோ அஃபினிட்டி காலம் (column) என்று பெயர். நஞ்சு மட்டும் ஆன்டிபாடியில் சிக்கிக்கொள்ள மற்றதெல்லாம் கீழே போய்விடும். அவசரம் கூடாது, நிமிடத்துக்கு இரண்டு மூன்று மி.லி.க்கு மேல் ஓடவிட்டால் நஞ்சு சிக்காமல் வழுக்கிப் போகும். சிரிஞ்சை அழுத்தி வேலையைச் சீக்கிரம் முடித்தால் ‘இல்லை’ என்ற அழகான ரிப்போர்ட் வரும். தண்ணீரில் கழுவி, அசிட்டோநைட்ரைலை மெதுவாக விட்டு, ஆன்டிபாடியிலிருந்து நஞ்சைக் கழற்றி, நைட்ரஜனில் ஆவியாக்கி, கொஞ்சம் கரைப்பானில் எடுத்துக் கருவியில் செலுத்துங்கள். எம்1 தானாகவே ஒளிரும் பொருள், 365 நானோமீட்டர் ஒளி கொடுத்து 435-ல் பார்த்தால் சிகரம் தெரியும். வெளிச்சத்தில் சிதையும் என்பதால் பழுப்புக் குப்பி.

ஒவ்வொரு தொகுதியிலும் நஞ்சில்லாத பாலில் தெரிந்த அளவு எம்1 சேர்த்து, முதல் படியிலிருந்து கடைசி வரைக்கும் கொண்டு போங்கள். போட்டதில் 70 முதல் 110 சதவீதம் திரும்பி வந்தால் அந்த நாளின் முடிவுகளை நம்பலாம். 40 வந்தால் அன்றைய எல்லா ‘இல்லை’யும் சந்தேகம்தான். இது வேறு ஒன்றுமில்லை, அதே மூன்றாவது டியூப்.

பயன்படுத்திய கண்ணாடிப் பொருட்களை சோடியம் ஹைபோகுளோரைட்டில் ஊறவைத்த பிறகே கழுவப் போடுங்கள். கழுவுகிறவருக்கு அது என்ன என்று தெரியாது.

மெலமைன்

2008-ல் சீனாவில் சான்லு நிறுவனத்தின் குழந்தைப் பால்மாவு உட்படப் பல நிறுவனப் பொருட்களில் மெலமைன் இருந்தது தெரிய வந்தது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 பேர் இறந்தார்கள், சிறுநீரகத்தில் கல். பாலில் தண்ணீரைக் கலந்துவிட்டுப் புரதம் குறைந்தது தெரியாமல் இருக்கத்தான் போட்டார்கள். கெல்டால் முறை புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.38 ஆல் பெருக்குகிறது. மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கணக்குப் போட்டால் ஒரு கிராம் மெலமைன் நாலேகால் கிராம் புரதமாகத் தெரியும். கருவி சரியாகத்தான் வேலை செய்தது, கேட்ட கேள்விதான் தப்பு.

இதை மூலக்கூறுகளைப் பிரித்து, உடைத்து, நிறை பார்க்கும் எல்.சி.எம்.எஸ்.எம்.எஸ். கருவியில் பார்ப்பார்கள். புரதத்தைத் திரித்து, நேர்மின் அயனியைப் பிடிக்கும் குழாயில் சுத்தம் செய்து, 127 நிறையுள்ள அயனி உடைந்து 85, 68 வருகிறதா என்று பார்க்கிறார்கள். கோடெக்ஸ் வரம்பு குழந்தைப் பால்மாவுக்குக் கிலோவுக்கு 1 மி.கி., மற்ற உணவுகளுக்கு 2.5. நம்மிடம் கருவி இருக்காது, வெளியே அனுப்புவோம். நம்மால் முடிந்தது ஒன்று உண்டு: புரதம் கூடி, கொழுப்பும் லாக்டோஸும் அதற்கேற்ப இல்லாத பால்மாவைப் பார்த்தால் சந்தேகப்படுவது.

ஈயம், பூச்சிக்கொல்லி இரண்டும் வெளியே அனுப்பும் வேலைதான். என்.ஏ.பி.எல். (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அந்த அங்கீகாரப் பட்டியலில் ‘பாலில் ஈயம்’ என்ற சோதனையே இருக்கிறதா என்று கேளுங்கள், பாதிப் பேர் இதைக் கேட்பதில்லை. ஈயத்துக்கு நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில், பூச்சிக்கொல்லிக்குப் பழுப்புக் கண்ணாடி பாட்டில். இரண்டையும் ஒரே பாட்டிலில் எடுத்து அனுப்பினால் ஏதோ ஒன்று வீணாகும். ஈய வரம்பு கிலோவுக்கு 0.02 மி.கி., அழுக்குக் கையும் துருப்பிடித்த மூடியும் அதைக் கூட்டிவிடும்.

பாசிட்டிவ் வந்த பிறகு

அந்தப் பாலில் பாதியை லேபிள் ஒட்டி உறைய வைத்துவிடுங்கள். தேதி, கேன் எண், ரீஏஜென்ட் தயாரித்த நாள், மூன்று டியூபும் காட்டிய நிறம், எல்லாம் அன்றைக்கே நோட்டில். செல்போனில் மூன்று டியூபையும் சேர்த்து ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது, சாயங்காலம் நிறம் மாறிப் போயிருக்கும்.

அஃப்ளாடாக்சின் என்றால் வேலை லேபோடு முடியாது. டேங்கரில் வந்தால், அந்த வழித்தடத்தில் உள்ள சொசைட்டிகளின் பாலைத் தனித்தனியாக எலைசா பாருங்கள். எந்த சொசைட்டி என்று தெரிந்ததும் அங்கே கறவை மாடு வைத்திருப்பவர்களில் சந்தேகமானவர்களின் பாலைத் தனித்தனியாக. அப்புறம் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பி, தொழுவத்தில் இருக்கும் கடலைப் புண்ணாக்கு மூட்டையையும் பருத்திக்கொட்டை மூட்டையையும் மக்காச்சோளத்தையும் திறந்து பாருங்கள். மூட்டை மண் தரையில் சுவரை ஒட்டிச் சாய்ந்திருக்கும், மழைக்காலமாக இருந்தால் கையை உள்ளே விட்டதும் சூடும் ஈரமும் தெரியும், சில சமயம் பச்சை மஞ்சள் தூள் விரலில் ஒட்டும். ஒட்டாவிட்டாலும் நஞ்சு இருக்கலாம், அதனால் அந்தத் தீவனத்திலும் மேல், நடு, அடி என்று பல இடத்தில் எடுத்துக் கலந்து ஒரு கிலோ கொண்டு வாருங்கள். நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவி இருக்காது, ஒரு பிடி எடுத்து வந்து இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அந்த மூட்டையை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து, நாலைந்து நாள் கழித்து அதே மாட்டின் பாலை மறுபடி தட்டில் போடுங்கள். தீவனம்தான் காரணம் என்றால் அதற்குள் அந்தக் கிணறு நல்ல பாலின் கிணறு அளவுக்கு மஞ்சளாகியிருக்கும்.